இடது புருவம்

முகாம் என்றால் முதலில் பேனர், அப்புறம்தான் பிள்ளைகள். காலாண்டு விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, வேட்டவலம் சாலையில் ஒரு தனியார் பள்ளியின் வாசலில் பத்தடிக்குப் பேனர் கட்டினார்கள். ‘மாணவர் பண்பாட்டுப் பரிமாற்ற முகாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஒரு பக்கம் மலையும் இன்னொரு பக்கம் காண்டாமிருகமும் அச்சடித்திருந்தது. மலை நம்முடையது, காண்டாமிருகம் அசாமுடையது. அங்கிருந்து இருபது பிள்ளைகள் மூன்று நாள் ரயிலில் குலுங்கி வந்து பள்ளியிலேயே தங்கியிருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் தினமும் வேனில் வந்து போவார்கள். ஆறு நாள் கூடிப் படம் வரைவது, முகமூடி செய்வது, ஆடுவது, ஊர் சுற்றுவது. சனிக்கிழமை கண்காட்சி வைத்துச் சான்றிதழ் கொடுத்து குரூப் போட்டோ எடுத்துவிட்டால் பண்பாடு பரிமாறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதை முன்நின்று நடத்தியவர் தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது. நாலு பேர் கூடுகிற எந்தக் காரியத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்கிற மனிதர். வீட்டில் உருது பேசுகிற குடும்பம் என்பதால் அசாம் பிள்ளைகளின் இந்தியை அவரால் சமாளிக்க முடிந்தது. அவர் கடைக்குப் போகிற நேரத்தில் மகள் மெஹ்விஷ் மொழிபெயர்ப்பாள். காலேஜ் முதல் வருஷம், வாய் ஓயாத பெண்.

படம் சொல்லிக்கொடுக்க வந்தவள் கஸ்தூரி. கீழ்பென்னாத்தூர் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை, முப்பத்தேழு வயது. அவளைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை அவள் கோர்ட்டில் கூண்டேறி, தன் புருஷன் வளவனை ஒன்பது வருஷமாகப் பார்க்கவும் இல்லை, அவனைப் பற்றிக் கேள்விப்படவும் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால், அவன் இறந்துவிட்டதாகக் கோர்ட் சொல்லிவிடும். சொன்ன பிறகு, அதே பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கும் சுரேஷ்குமாரை அவள் கட்டிக்கொள்ளலாம். அவர் நான்கு வருஷமாகக் காத்திருந்தார். ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

வளவன் போனது ஒரு சித்ரா பௌர்ணமியில். இருவருமாகக் கிரிவலம் வந்துகொண்டிருந்தார்கள். அடி அண்ணாமலை கிட்டே வந்ததும், “நீ நடந்துனே இரு, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்றான். அவள் நடந்துகொண்டே இருந்தாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, இன்னொருத்தி இல்லை. இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதன் கூட்டத்தில் ஒரு சட்டையாகக் கலந்து போய்விட்டான். இந்த ஊருக்கு வீட்டை விட்டு ஓடி வருகிறவர்கள் கொஞ்சமா? காவியைக் கட்டித் தாடியை வளர்த்துவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அவனும் அப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

போலீஸில் போட்டோ கேட்டார்கள். இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதில் பவுடரும் தலைப்பாகையுமாக அவன் யாரோ மாதிரி இருந்தான். எனவே கஸ்தூரியே வரைந்தாள். யாரோ சொன்னதை நம்பாதவன்போலச் சற்று மேலே ஏறி நிற்கும் இடது புருவம், நடுவில் சின்னப் பள்ளம் விழுந்த கீழுதடு, வெளியே மடிந்த காது. மேலே ‘காணவில்லை’ என்று எழுதினாள். ஜெராக்ஸில் முகம் கறுத்துப் போகிறது என்று ஒவ்வொன்றையும் கையாலேயே வரைந்து லாட்ஜ், ஆசிரமம், பஸ் ஸ்டாண்ட் என்று ஒட்டினாள். முதல் வருஷத்தில் மட்டும் முந்நூறுக்குக் குறையாது. அப்புறம் மழை வந்தது, தேர்தல் வந்தது, அவள் ஒட்டியதன் மேல் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமில் முதல் நாள் அவளுடைய வகுப்பு. முகம் வரைவது எப்படி என்று ஓரத்து அறையின் கரும்பலகையில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். முதலில் முட்டை, நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் கண்கள், கண்ணுக்கும் தாடைக்கும் பாதி தூரத்தில் மூக்கு. பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை போட்டுவிடும். மெஹ்விஷ் இந்தியில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் மூன்று தடவை வரைந்து பழகினார்கள். ஜோனாலி என்று ஒரு அசாம் பெண், பத்தாவது படிக்கிறாள், போட்ட கோட்டைத் திரும்ப அழிக்காத கை. கஸ்தூரிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை கிரிவலப் பாதைக்குக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு சாமியார் முன்னால் உட்கார்ந்து அவரை வரைய வேண்டும். சாமியார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, படம் என்றதும் தாடியைத் தடவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மதியம் பள்ளிக்குத் திரும்பி, கஸ்தூரி படங்களைத் துணிக் கிளிப்பில் கயிற்றில் மாட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ படத்தில் அவள் கை நின்றுவிட்டது.

சடை, நெஞ்சு வரை தாடி, கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை. அதற்குள்ளேயிருந்து வளவன் பார்த்துக்கொண்டிருந்தான். இடது புருவம் மேலே ஏறியிருந்தது. கீழுதட்டில் பள்ளம் இருந்தது. ஒன்பது வருஷம் கூடியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கஸ்தூரி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஓரத்தில் ஜோனாலி என்று கையெழுத்து.

இவரை எங்கே பார்த்தாய் என்று மெஹ்விஷை விட்டு ஜோனாலியைக் கேட்டாள். அடி அண்ணாமலையில், குழாயடியில் என்று பதில் வந்தது. கஸ்தூரி அதற்கு மேல் கேட்கவில்லை. மெஹ்விஷைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, தெரிந்தவர் மாதிரி இருக்கிறது என்றாள்.

குழாயடியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சப்பை மூக்கு, வாயில் பல் இல்லை, தெலுங்குதான் பேச்சு. காலையில் ஒரு பெண் தன்னைத்தான் வரைந்தது என்றார். படத்தைக் காட்டியதும் கோபம் வந்துவிட்டது, இது தான் இல்லை என்று கையை ஆட்டினார். மெஹ்விஷ் சிரித்தாள். கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் இங்கே வேறு ஒருவரையும் பார்த்திருக்கிறாள், முகம் மாறிப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினாள். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த வேதா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இந்தக் கண்ணை எங்கயோ பார்த்துனே இருக்கேனே. வாயு லிங்கத்தாண்ட இருந்தாரு பாரு ஒருத்தரு, ஜாஸ்தி பேச மாட்டாரு. இப்ப ஆளைக் காணோம், டவுன் பக்கம் போயிருப்பாரு.”

கிரிவலப் பாதையிலேயே இருக்கும் வாயு லிங்கக் கோயிலிலும் யாரும் இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் கஸ்தூரி அந்தப் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நிமிர்த்தி வைக்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை முகமூடி வகுப்பு, அதில் அவளுக்கு வேலையில்லை. பிள்ளைகளுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்துவிட்டு மறுபடியும் மலையைச் சுற்றினாள். வியாழக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் கூட்டிப்போய், பார்த்த ஆட்களை வரையச் சொன்னார்கள். படங்களை வாங்கி அடுக்கும்போது, தன் பள்ளிப் பிள்ளை எழிலரசியின் தாளில் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தாடி இல்லை, மழித்த முகம். டம்ளர் விளிம்புக்கு மேலே இடது புருவம் ஏறியிருந்தது.

அடி அண்ணாமலையிலிருந்து வாயு லிங்கம். அங்கிருந்து டவுன். டவுனில் பஸ் ஸ்டாண்டு. அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று கஸ்தூரிக்குப் புரிந்தது. வராமல் இருந்த ஒன்பது வருஷமும் பொழுதோடு விளக்கேற்றிக் காத்திருந்தவளுக்கு, வருகிறான் என்றதும் சந்தோஷமல்லவா வர வேண்டும்? வந்தது பயம்தான். அந்தப் பயத்துக்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அவன் செத்தவன் என்று சொல்ல நான்கு நாள்தான் இருந்தது, இப்போது போய் வருகிறானே என்று நினைத்தாள். நினைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வக்கீல் கீர்த்தனாவுக்குப் போன் போட்டுத் தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றாள். கீர்த்தனா அதட்டிப் பேசுகிற வக்கீல், ஆனால் நியாயஸ்தி.

“பசங்க போட்ட படத்தை வச்சினு ஜட்ஜ்கிட்ட இன்னான்னு சொல்லுவீங்க? ஆளைக் காட்டுங்க, கேஸை வாபஸ் வாங்கிடலாம். ஆள் இல்லன்னா வந்து பிரமாணம் பண்ணுங்க. பொய்ச் சத்தியம் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அன்று சாயங்காலம் வேனில் பிள்ளைகளை ஏற்ற வந்த சுரேஷ்குமாரிடம் சொன்னாள். அவர் இன்னொரு ஆசிரியரை வேனில் அனுப்பிவிட்டு, யாரிடமோ பைக் இரவல் வாங்கி வந்தார். இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். யார், எங்கே, எப்போது என்று ஒன்றும் கேட்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெளிச்சம் இருக்கும்வரை இருவரும் மலையைச் சுற்றினார்கள். ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கிச் சாமியார்களின் முகத்தைப் பார்த்தாள். காவியில் எத்தனை விதமான முகம் இருக்கிறது என்று ஒன்பது வருஷமாகத் தெரிந்தவள், இன்னும் ஒரு தடவை தெரிந்துகொண்டாள். குபேர லிங்கத்துக்கு முன்னால் அவளுக்குத் தாங்கவில்லை. நீங்கள் ஏன் எதுவும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள் என்றாள்.

“நீங்க தேடணும்னா தேடலாம் டீச்சர். பெட்ரோல் நிறையா இருக்கு” என்றார் சுரேஷ்குமார்.

வெள்ளிக்கிழமை வெளியே எங்கும் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குள்ளேயே கிடைத்த ஆட்களை வரைந்துகொண்டிருந்தார்கள், சமையல்காரர், தோட்டக்காரி, ஹபீப் முகம்மது பாய். மத்தியானம் கஸ்தூரி மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் நடுவே நடந்தாள். எட்டாவது படிக்கும் தென்றல் மடியில் அட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தது. இரும்பு கேட்டு, பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் வளவன்.

கஸ்தூரி கேட்டுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று மரத்தடியிலேயே நின்றுவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் அப்பாசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இங்கே யார் உட்கார்ந்திருந்தது, அந்த ஆள் எங்கே போனான் என்று அவள் கேட்ட கேள்வியில் அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

“காலையிலேர்ந்து நான்தான்மா குந்தினு இருக்கேன். வேற யாரும் வரலையே. இன்னாம்மா ஆச்சு?”

உருண்டை முகம், முறுக்கிவிட்ட மீசை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அவரிடம் புருவம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. கஸ்தூரி மெதுவாகத் திரும்பி வந்து தென்றலிடம், நீ வரைந்தது யாரை என்று கேட்டாள். வாட்ச்மேன் தாத்தாவை என்றது பிள்ளை. வாட்ச்மேன் தாத்தா முகம் இப்படியா இருக்கிறது என்று கேட்டபோது அவள் குரல் சரியாக இல்லை போலிருக்கிறது, பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

“நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் மிஸ் போட்டேன்.”

கஸ்தூரி ஓரத்து அறைக்குப் போனாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த அறையை யாரும் திறக்கவில்லை, கரும்பலகையை யாரும் துடைக்கவில்லை. அன்றைக்குப் பலகையை ஒட்டி நின்று வரைந்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டவள், இப்போதுதான் வாசலில் நின்று முழுசாகப் பார்த்தாள். சுவர் அகலத்துக்கு வளவன் இருந்தான். முட்டையும் நடுக்கோடும் அழியாமல், அதன் மேல் அந்தப் புருவம், அந்த உதடு, அந்தக் காது. அவளுடைய சாக்பீஸ்தான், அவளுடைய கைதான்.

மலையில் யாரும் இல்லை, பஸ் ஸ்டாண்டிலும் யாரும் இல்லை. சுவரொட்டிக்காக முந்நூறு தடவை போட்ட முகத்தைக் கை விடவே இல்லை. ‘முகம்’ என்றாலே அதற்கு அந்த முகம்தான். ஒன்பது வருஷமாக, வருஷத்துக்கு இருநூறு பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதில் பாதிப்பேர் இப்போது பள்ளியை முடித்துவிட்டுச் சென்னையிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிறார்கள். எங்கேயாவது போன் பேசிக்கொண்டே பேப்பர் ஓரத்தில் ஒரு முகம் கிறுக்குவார்கள். அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இனி அசாமிலும் இருபது பேர் கிறுக்குவார்கள். காணாமல் போனவனை ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டது அவள்தான். டஸ்டரைக் கையில் எடுத்தாள். துடைக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை கண்காட்சி. ஆறு நாளில் வரைந்த எல்லாவற்றையும் ஹாலின் நான்கு சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். கைவந்த பிள்ளைகளின் படத்தில் மட்டும்தான் இதுவரை அவனைப் பார்த்திருந்தாள். இப்போது கோணல்மாணலான படங்களிலும் பார்த்தாள். சாமியார், பூக்காரி, யானைப்பாகன், சமையல்காரர், எல்லோருக்கும் இடது புருவம் ஏறியிருந்தது. எல்லோரும் அவள் சொன்ன எதையோ நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீப் முகம்மது பாய் தன் படத்தின் முன்னால் நின்று மனம் நிறைந்து பேசினார்.

“நாப்பது பசங்க போட்டாப்லயே இல்ல மேடம். ஒரே கை போட்டாப்ல இருக்கு. மாஷா அல்லா, இன்னா ட்ரெயினிங்.”

கஸ்தூரி கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். வேறு என்ன செய்வது?

சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுது முடித்தார்கள். ஹாலில் நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. வேன் வர நேரமிருந்தது. கஸ்தூரி சுரேஷ்குமாரைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னாள். உங்களை வரைய வேண்டும் என்றாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பள்ளி மைதானத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவள் பேசவில்லை. முட்டை போடவில்லை, நடுக்கோடு போடவில்லை. அவரையே பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடாகப் போட்டாள். அகலமான மூக்கு, அகலமாகவே வர வேண்டும். காதோரம் நரை. புருவம் இரண்டும் சமமாக, தராசு மாதிரி நேராக இருக்கிற மனிதர் அவர். கை போகிற பக்கம் விடாமல் பிடித்து இழுத்து இழுத்து வரைந்தாள். நெற்றியில் வேர்த்தது. தாடையில் ஒரு தழும்பு, கபடியில் விழுந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதையும் மறக்காமல் போட்டாள். அரைமணி நேரம் ஆயிற்று. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

தழும்பு மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் வளவன்.

தாளைக் கிழிக்கப் போனாள். அதற்குள் சுரேஷ்குமார் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அதிர்ச்சி எதையும் காணோம்.

“இவரைத் தெரியும் எனக்கு” என்றார். “கேஸ் கட்டுல நாலாவது டாகுமென்ட், நீங்க ஒட்டுன போஸ்டர். ஜெராக்ஸ் எடுக்க நான்தானே போனேன். எடுத்துனு ஸ்கூலுக்கு வந்தா, செவுத்துல நம்ம பசங்க போட்ட விவசாயி நிக்கிறாரு, மிலிட்டரிக்காரரு நிக்கிறாரு, கண்டக்டர் நிக்கிறாரு. எல்லாம் இவரு. அன்னிக்கே புரிஞ்சிடுச்சு.”

அப்படியானால் முந்தாநாள் அவளோடு மலையைச் சுற்றியபோதும் இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு லிங்கத்திலும் வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

“ஏன் சார் சொல்லலை?”

“சொன்னா நீங்க அப்புறம் சாக்பீசைத் தொடவே மாட்டீங்க. படம் போடாத கஸ்தூரி டீச்சரை நான் இன்னா பண்றது?”

“கட்டிக்கினா வீட்லயும் இவரு இருப்பாரு.”

“நாலு வருஷமா நானும் அவரும் ஒரே ஸ்கூல்லதான் இருக்கோம்” என்றார் சுரேஷ்குமார். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அவருக்கும் வலித்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு வருஷமாகச் சுவருக்குச் சுவர் வேறொருவனைப் பார்த்துக்கொண்டே, காலை வணக்கத்துக்கு விசில் ஊதிய மனிதர். அதுவரை தன் ஒருத்திக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. திங்கட்கிழமை வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை. தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போனார். ஞாயிறு முழுவதும் கஸ்தூரி வீட்டில் துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், துவைத்த துணியையே எடுத்துத் திரும்பத் துவைத்தாள்.

திங்கட்கிழமை கூண்டில் ஏறினாள். கடவுள் மேல் ஆணையாக என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். கீர்த்தனா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசிக் கேள்விக்கு வந்தாள். இந்த ஒன்பது வருஷத்தில் உங்கள் கணவரை நேரில் பார்த்தீர்களா, பார்த்ததாக யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடி அண்ணாமலை, வாயு லிங்கம், பஸ் ஸ்டாண்டு, பள்ளி கேட்டு என்று அவன் நடந்து வந்த வழியெல்லாம் ஒரு தடவை கஸ்தூரி மனதில் போனது. அந்த வழியில் அவளே அவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

“நேர்ல பார்க்கலைங்க. யாரும் பார்க்கலை” என்றாள்.

அது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கும்போது கொலை செய்துவிட்டு இறங்குகிறவள் மாதிரி இருந்தது. தீர்ப்பு மூன்று வாரம் கழித்து என்றார்கள். வராந்தாவில் சுரேஷ்குமார் நின்றிருந்தார். அவரைத் தாண்டிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதாள். வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல் அழுதாள். ஒன்பது வருஷத்தில் அப்படி அழுததில்லை, அழுதால் அவன் போய்விட்டதாக ஆகிவிடும் என்று அடக்கி வைத்திருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் வளவனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புருவம் ஏறியிருக்கும் என்று தெரிந்தது, எப்படி ஏறியிருக்கும் என்று தெரியவில்லை. அவனை விரட்ட வேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தாள், இப்போது அவனையே தேடினாள். விரலைப் படிக்கட்டின் தூசியில் வைத்தாள். எங்கே தொடங்குவது என்று விரலுக்கும் தெரியவில்லை.

“சார், அந்தப் படம் எங்க?” என்று கேட்டாள்.

பைக் பெட்டியிலிருந்து சுருளை எடுத்து வந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தாள். இருந்தான். தீர்ப்பு வந்ததும் வீட்டில் படம் வைத்து, மாலை போட்டு, ஒரு விளக்கேற்ற வேண்டும், அதற்குக் கல்யாணப் போட்டோ வேண்டாம், இதையே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுரேஷ்குமார் பக்கத்துப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டார்.

“வைங்க டீச்சர், நம்ம வீட்லயே வைக்கலாம்” என்றார். “மாலை மட்டும் வேணாம். கீழ நான் இருக்கேன்.”